முழுப் படமும் சுருங்காமல் ஒரு லேயரை மட்டும் சிறிதாக்குவது எப்படி?

கேள்வி: பின்னணிப் புகைப்படம், அதன்மேல் ஒரு சின்னம், அதற்கும் மேலே எழுத்துகள் என மூன்று லேயர்களாக ஜிம்ப் மென்பொருளில் ஒரு சுவரொட்டி செய்து வருகிறேன். சின்னம் மட்டும் பெரிதாக இருக்கிறது. அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து அளவைக் குறைத்தால் முழுப் படமும் சுருங்கிவிடுகிறது. ஸ்கேல் டூலை எடுத்து முயன்றால், சின்னத்தைச் சுற்றி நான் போட்ட தேர்வுக்கோடு மட்டும் சிறிதாகிறது. சின்னம் அப்படியே நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: ஜிம்ப்பில் அளவை மாற்றும் கட்டளைகள் பல இடங்களில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் எதன்மீது செயல்படுகிறது என்பதைப் பிரித்தறிந்துகொண்டால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும். 'இமேஜ்' மெனுவில் உள்ள 'ஸ்கேல் இமேஜ்' எல்லா லேயர்களையும் ஒரே விகிதத்தில் மாற்றும். நீங்கள் எந்த லேயரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதை அது கணக்கில் கொள்வதே இல்லை. முதல் முயற்சியில் நீங்கள் தொட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்குத் தேவையானது 'லேயர்' மெனுவில் இருக்கும் 'ஸ்கேல் லேயர்' ஆகும். அகலம், உயரம் ஆகிய பெட்டிகளுக்கு அருகில் உள்ள சங்கிலி ஐகான் இணைந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பெட்டியில் மட்டும் புதிய அளவைக் கொடுத்தால் போதும். மற்றது விகிதம் மாறாமல் தானே மாறிக்கொள்ளும்.

எண்ணைக் கொடுப்பதைவிடக் கண்ணால் பார்த்துக்கொண்டே சரிசெய்வதுதான் சுவரொட்டி வேலைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்கு ஷிஃப்ட் + எஸ் அழுத்தி ஸ்கேல் டூலை எடுக்க வேண்டும். உங்கள் இரண்டாம் முயற்சி தவறியது இங்கேதான். டூல் ஆப்ஷன்ஸ் பகுதியின் உச்சியில் 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற சொல்லுக்கு அருகே லேயர், செலக்‌ஷன், பாத் ஆகியவற்றுக்கான சிறு ஐகான்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் செலக்‌ஷன் ஐகான் அழுத்தப்பட்டிருந்தால் தேர்வுக்கோடு மட்டுமே சுருங்கும், உள்ளே இருக்கும் பிக்சல்களுக்கு எதுவும் ஆகாது. லேயர் ஐகானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படத்தில் முன்பு போட்ட தேர்வு ஏதாவது மிச்சமிருந்தால், அந்தத் தேர்வுக்குள் அகப்படும் துண்டு மட்டுமே அளவு மாறும். சின்னத்தின் ஒரு பாதி சிறிதாகி மறுபாதி பழைய அளவிலேயே நிற்பது இதனால்தான் நேர்கிறது. லேயரின் எல்லையைக் காட்டும் கோடு அசையாமல் இருக்கும், தேர்வின் எல்லையோ ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டையும் எளிதாகப் பிரித்தறியலாம். ஊரும் கோடு எங்காவது தெரிந்தால், 'செலக்ட்' மெனுவில் 'நன்' (None) கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எழுத்து லேயரை மட்டும் இந்த முறையில் சுருக்க வேண்டாம். ஸ்கேல் டூல் பட்டவுடன் ஜிம்ப் அதைச் சாதாரணப் படமாக்கிவிடும் என்பதால், எழுத்துருவின் அளவைக் குறைப்பதே முறையானது.

கேள்வி: புகைப்படத்திலேயே இருக்கும் ஒரு பூச்சாடியை மட்டும் சிறிதாக்க முடியுமா? அது தனி லேயரில் இல்லை.

பதில்: முடியும், ஆனால் பெரிதாக்குவதைவிடச் சிறிதாக்குவது அதிக உழைப்பைக் கேட்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெரிதாக்கினால் புதிய சாடி பழைய சாடியை மறைத்துவிடும். சிறிதாக்கும்போதோ, சாடி இதுவரை மறைத்து நின்ற இடம் வெளிப்படுகிறது. அந்த இடத்தில் சுவரோ மேசையோ கேமராவில் பதிவாகவே இல்லை. எனவே நேராகத் தேர்ந்தெடுத்துச் சுருக்கினால் சாடியைச் சுற்றி வெற்றிடம் விழும். லேயரில் ஆல்ஃபா சேனல் (ஒளி ஊடுருவும் தன்மையைப் பதிந்துவைக்கும் பகுதி) இருந்தால் அந்த வெற்றிடம் ஒளி ஊடுருவும் கட்டங்களாகவும், இல்லையென்றால் அப்போதைய பின்னணி வண்ணமாகவும் தெரியும்.

ஆகவே தேர்ந்தெடுத்த பகுதியை வெட்டாமல் நகலெடுத்துப் புதிய லேயரில் வையுங்கள். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஜே இதை ஒரே அடியில் செய்துவிடும். ஜிம்ப் 2.10 பதிப்பில் காப்பி, பேஸ்ட் செய்தால் அது இன்னும் எந்த லேயரிலும் சேராத மிதக்கும் தேர்வாக வரும். லேயர்ஸ் பட்டியலின் கீழே உள்ள புதிய லேயர் பொத்தானை அழுத்தி அதைத் தனி லேயராக்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் வெளிவந்த 3.0 பதிப்பில் பேஸ்ட் செய்தாலே தனி லேயராக வந்துவிடுகிறது. அதன்பின் கீழே உள்ள மூலப் படத்தில் பழைய சாடியை குளோன் டூல் அல்லது ஹீல் டூல் கொண்டு, அருகில் இருக்கும் சுவரின் பரப்பை எடுத்து மூடிவிட்டு, மேலே உள்ள நகலை நிதானமாகச் சுருக்கலாம். சுருக்கும்போது சாடியின் அடிப்பகுதி மேசையோடு ஒட்டிய இடம் நகரக் கூடாது. அதனால் நடுப்புள்ளியை மையமாக வைக்காமல், மேல் விளிம்பின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி இழுப்பதே நல்லது. மேசைமீது விழும் நிழலையும் தேர்வுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய சாடிக்குப் பெரிய நிழல் இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் படம் பொய்யாகத் தோன்றும்.

கேள்வி: போட்டோஷாப்பில் ஒரு லேயரைச் சிறிதாக்கி, பிடிக்காமல் மீண்டும் பெரிதாக்கினேன். படம் மங்கிவிட்டது. பழைய தெளிவு கிடைக்குமா?

பதில்: ஹிஸ்டரி பட்டியலில் பின்னோக்கிச் சென்று சுருக்குவதற்கு முந்தைய நிலையை எட்ட முடிந்தால் கிடைக்கும், கோப்பைச் சேமித்து மூடியிருந்தால் கிடைக்காது. 400 × 400 பிக்சல் கொண்ட ஒரு லேயரில் 1,60,000 பிக்சல்கள் இருக்கின்றன. அதை 100 × 100 ஆக்கினால் மிஞ்சுவது 10,000 மட்டுமே. மறுபடி பெரிதாக்கும்போது மற்ற 1,50,000 பிக்சல்களையும் அண்டை பிக்சல்களின் நிறத்தைக் கொண்டு மென்பொருள் கணித்து நிரப்புகிறது. நீங்கள் காணும் மங்கல் அந்தக் கணிப்புதான்.

இனி அளவை மாற்றும் முன்பே அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மூலப் பிக்சல்கள் அதற்குள் பத்திரமாக இருப்பதால், அளவை மாற்றும் கண்ட்ரோல் + டி கொடுத்து எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே கணக்கிடப்படும். மூல அளவைத் தாண்டிப் பெரிதாக்கினால் மட்டும் அதுவும் மங்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வேண்டாம் என்று நினைப்பவர்கள், லேயரின் நகல் ஒன்றை, கண் ஐகானை அணைத்து மறைத்த நிலையில் பட்டியலின் அடியில் வைத்துக்கொண்டு, பிடிக்காதபோது அதிலிருந்து புதிதாகத் தொடங்கலாம்.

வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: போட்டோஷாப் சிசி 2019 பதிப்பிலிருந்து, ஷிஃப்ட் விசையை அழுத்தாமல் மூலையை இழுத்தாலே சாதாரண லேயர்கள் விகிதம் மாறாமல் சுருங்கும், ஷிஃப்டை அழுத்தினால் விகிதம் கலையும். பழைய பதிப்புகளில் இது நேர்மாறாக இருந்தது. லேயருக்கு நிழல், விளிம்பு போன்ற ஸ்டைல்கள் கொடுத்திருந்தால், கண்ட்ரோல் + டி அவற்றின் அளவை மாற்றாது. லேயர் பாதியான பின்னும் நிழல் பழைய பருமனிலேயே நிற்கும். 'லேயர் ஸ்டைல்' மெனுவில் உள்ள 'ஸ்கேல் எஃபெக்ட்ஸ்' கட்டளையில் அதே சதவீதத்தைக் கொடுத்து அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.