கொள்ளிடத்துல தண்ணி ஏறுனா வயலும் வீடும் என்னாகும்: உங்க கேள்விகளுக்கு பதில்

நான் வேளாண்மைத் துறையில வேலை பாத்து ஓய்வு பெத்தவன், கொள்ளிடம் படுகையில எனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கு. கரையோர ஊர்கள்ல இருந்து வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

சீர்காழி பக்கம் ஒரு தம்பி: சார், இங்க ஒரு சொட்டு மழை இல்ல, வெயில் கொளுத்துது, ஆனா ஆத்துக்கு நடுவுல இருக்கற திட்டு கிராமத்துல இடுப்பளவு தண்ணி. எப்படி?

மழை குடகுலயும் வயநாட்டுலயும் பெய்யுது தம்பி. கர்நாடகாவுல இருக்கற கே.ஆர்.எஸ்., கபினி அணை ரெண்டும் ரொம்பிட்டா அப்புறம் வர்றதெல்லாம் மேட்டூருக்குத்தான். மேட்டூர் 120 அடி நிறைஞ்சா 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி). நொடிக்கு 1 லட்சம் கனஅடி வந்தா ஒரு நாளைக்கு 8.64 டிஎம்சின்னு கணக்கு, அதனால அணை காலியா கிடந்தா பத்து பதினோரு நாள் தாங்கும், ஏற்கனவே நிறைஞ்சிருந்தா ஒரு நாள் கூட தாங்காது, வர்றத அப்படியே வெளிய விட்டாகணும். திருச்சி பக்கம் காவிரியில இருந்து கொள்ளிடம் பிரியுற முக்கொம்புல, காவிரி தாங்குற அளவுக்கு மட்டும் அனுப்பிட்டு மிச்சத்த கொள்ளிடத்துல தள்ளுவாங்க, டெல்டாவோட வெள்ள வடிகாலே அதான். 2022 ஆகஸ்ட்ல 2 லட்சம் கனஅடிக்கு மேல வந்தப்ப நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், எதிர்க்கரையில கீழகுண்டலப்பாடி, திட்டுக்காட்டூர் எல்லாம் மூழ்குச்சு. 2018லயும் 2024லயும் அடி வாங்குனது இந்தப் பக்கத்து சனங்கதான். இந்த ஊர்கள் கரைக்கு உள்ள, ஆத்தோட இடத்துல இருக்கு, அதனால கரைய எவ்வளவு ஒசத்துனாலும் இவங்களுக்கு பிரயோஜனம் இல்ல.

மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னா எங்களுக்கு எவ்வளவு டைம் இருக்கு?

கடைமடைக்கு ரெண்டு மூணு நாள் கிடைக்கும், வேகமா வந்தா அதுக்கும் கம்மி. டிவில நீர்வரத்து சொல்வாங்க, அத விட முக்கொம்புல கொள்ளிடத்துக்கு எவ்வளவு விடுறாங்கன்னு கேளுங்க. அமாவாசை பௌர்ணமி ஒட்டி வந்தா ஆறு கடல்ல சேர்ற பழையாறு பக்கம் கடல் ஏத்தத்துல தண்ணி சீக்கிரம் வடியாது, அதையும் சேத்து யோசிங்க.

அணைக்கரை பக்கம் ஒரு அண்ணன்: சம்பா நட்டு இருபது நாள், அஞ்சு நாளா முழுகி கிடக்கு. தேறுமா?

நுனி வெளிய தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா பயிர் மூச்சு விடும், தேறும். முழுசா மூழ்கி ஒரு வாரம் தாண்டுனா சாதா ரகம் அழுக ஆரம்பிச்சிடும், கலங்கல் தண்ணியா இருந்தா வெளிச்சமும் உள்ள போகாது, இன்னும் சீக்கிரம் போயிடும். முதல்ல வடிகால தோண்டி தண்ணிய எடுங்க. வடிஞ்ச அன்னைக்கே யூரியாவ அள்ளி வீசாதீங்கண்ணே, நிறைய பேரு அப்படித்தான் காச விடுறாங்க. ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோட 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேத்து போடுங்க. இலை மஞ்சளா இருந்தா 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் 200 லிட்டர் தண்ணில கரைச்சு தெளிங்க. வருஷா வருஷம் மூழ்குற வயலா இருந்தா அடுத்த தடவ சி.ஆர். 1009 சப் 1 போடுங்க, ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள இருந்தாலும் திரும்ப துளிர்க்கும். 155 நாள் பயிரு, குண்டு அரிசி, இட்லிக்கு நல்லா போகும்.

படுகையில வாழை, கத்திரி, முல்லைப்பூ போட்ருக்கோம். இதுக்கு?

கத்திரியும் முல்லையும் மூணு நாலு நாள் வேர்ல தண்ணி நின்னாலே கஷ்டம்தான், பொய் சொல்ல மனசு வரல. வாழை குலை தள்ளியிருந்தா முட்டு குடுத்து, தண்ணி வடிஞ்சதும் மண்ண அணைச்சு விட்டு பாருங்க.

வயல்ல முழங்கால் அளவு மணல் மூடிடுச்சு. நிவாரணம் உண்டா?

உண்டு, ஆனா முக்கால்வாசி பேருக்கு தெரியாது. பயிருக்கு மட்டும்தான்னு நெனச்சு விட்டுர்றாங்க. 2022ல மத்திய அரசு 2025-26 வரைக்கும்னு போட்ட பேரிடர் நிவாரண விதியில, 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா பாசன நிலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 3 இஞ்சுக்கு மேல மண்ணு படிஞ்சா அத எடுக்க ஹெக்டேருக்கு 18,000. ஆறு போக்கு மாறி நிலமே போச்சுன்னா ஹெக்டேருக்கு 47,000, மண்ணு எடுக்கற காசும் இதுவும் சிறு குறு விவசாயிக்குத்தான். ஏக்கர் கணக்குல பாத்தா ஜேசிபி வாடகைக்கே பத்தாது, ஆனாலும் விடாதீங்க. மணல அள்ளுறதுக்கு முன்னாடி, ஒரு குச்சிய நட்டு ஆழம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.கிட்ட மனு குடுங்க. அள்ளிட்டு போய் கேட்டா ஆதாரம் இருக்காது.

எங்க நிலத்துக்கு பட்டா இல்ல, ஆத்துப் புறம்போக்கு. மூணு தலைமுறையா பயிர் பண்றோம்.

இந்தக் கேள்விதான் எனக்கு மனசு வலிக்குது. கணக்கெடுப்பு, வி.ஏ.ஓ. எழுதுற பயிர்க் கணக்கான அடங்கல வச்சுதான் நடக்குது, அதுல பேர் இல்லாதவங்க அதிகமா இழந்தும் கையில ஒண்ணும் வர்றதில்ல, குத்தகைக்கு உழுறவங்களுக்கும் இதே கதிதான். வீடு, ஆடு மாடு சேதத்தையாவது கண்டிப்பா பதிவு பண்ணுங்க. பயிருக்கு தனித்தனியா போகாம ஊரா சேந்து கலெக்டர் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க, பயிர் பண்றவங்கள நேர்ல பாத்து எழுதச் சொல்லுங்க.

தண்ணி வத்துன பிறகுதான் கரை இடிஞ்சு விழுது, ஏன்?

வெள்ளம் நிக்கும்போது கரைமண்ணு ஊறி கனத்துடும், வெளிய இருக்கற தண்ணியே அத முட்டு குடுத்து தாங்கிட்டிருக்கும். ஆறு சடார்னு இறங்குனா அந்த முட்டு போயிடும், உள்ள ஊறுன தண்ணி வெளிய வர்றப்ப மண்ணையும் இழுத்துட்டு சரியும். மணல் அள்ளி பள்ளமான எடத்துல இன்னும் மோசம். அதனால வத்துன முதல் வாரம் கரை ஓரத்துல மாட்ட கட்டாதீங்க, பிள்ளைங்கள விடாதீங்க, வெடிப்பு தெரிஞ்சா உடனே நீர்வளத்துறைக்கு சொல்லுங்க.

ஒரு அக்கா: முகாமுக்கு கூப்புடுறாங்க, மாட்ட விட்டுட்டு எப்படி போறது?

நியாயமான கேள்விக்கா, திட்டுல பாதிப்பேர் படகுல ஏற மாட்டேங்கறதுக்கு காரணமே இதான். முக்கொம்பு கணக்கு ஏறும்போதே, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மாட்ட கரைக்கு ஓட்டிட்டு வந்துடுங்க, அப்புறம் படகுல ஏத்த முடியாது. ஓட்ட முடியலன்னா கயித்த அவுத்து விட்டுருங்க, கட்டி மட்டும் போடாதீங்க. ஜூன்லயே தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டுடுங்க. வைக்கோல் கொஞ்சம் கரைமேல தெரிஞ்சவங்க வீட்டுல முன்கூட்டியே போட்டு வைங்க, நனைஞ்சு பூஞ்சை புடிச்சத குடுக்காதீங்க. திரும்பி வந்ததும் கைபம்பு தண்ணிய கொதிக்க வைக்காம குடிக்காதீங்க, சேத்துல வெறுங்கால்ல நடந்துட்டு காய்ச்சல் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துல தண்ணில நடந்தத சொல்லி காட்டுங்க.