புது பேட்டரியும் இறங்குகிறது, ஆல்டர்னேட்டர் கோளாறா?

கோலாலம்பூர் செந்தூலில் 20 வருடக் கார், பேட்டரி மாற்றி 2 வாரம்தான், காலையில் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர்; முதலில் அதைச் சோதியுங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். இன்ஜின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட்; ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏர்கோன், ஹெட்லைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூர் மழை நெரிசலில் உங்கள் கார் சுமப்பது அதைத்தான். 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை.

அப்போதும் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எர்த் வயரில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஆல்டர்னேட்டருக்குள் உள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் வயர்மேன் (கார் மின்வேலை) கடையில் அதை மட்டும் மாற்றலாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனை மட்டும் வேண்டாம், தயவுசெய்து. மின்னழுத்தம் எகிறி இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ கருகிவிடலாம்.