கலங்கின தண்ணில யாருக்கு லாபம்?

கேள்வி: தண்ணி கலங்கலா இருந்தா வேட்டையாடுற பெரிய மீனுக்கு கண்ணு தெரியாது, சின்ன மீனெல்லாம் ஈசியா தப்பிச்சிடும்னு படிச்சேன். சின்ன மீனுக்கும் அதே கலங்கல் தானே, அதுக்கு மட்டும் எப்படி லாபம்?

பதில்: கலங்கல் ரெண்டு பேர் கண்ணையும் மறைக்குது, ஆனா ஒரே அளவுக்கு இல்லங்க, விஷயமே அங்க தான் இருக்கு. சின்ன மீன் தின்னுற டாப்னியா மாதிரி தண்ணிப்பூச்சி சில மில்லிமீட்டர் தான் இருக்கும், எவ்ளோ தெளிஞ்ச தண்ணியா இருந்தாலும் ரொம்ப கிட்ட போனா தான் அது கண்ணுல படும், அதனால லேசான கலங்கல் சின்ன மீனை பெருசா பாதிக்காது. ஆனா மீனையே தின்னுற பைக் (pike) மாதிரி வேட்டை மீன் தூரத்துலயே இரைய பாத்து குறி வைக்கிற ஜாதி, அந்த தூரம் முழுக்க மிதக்குற மண்ணும் பாசியும் வெளிச்சத்த சிதறடிச்சா இரையோட உருவமே கரைஞ்சு போயிடும். அடி அதுக்கு தான் ஜாஸ்தி.

அதுக்காக சின்ன மீனுக்கு ஃபுல் சேஃப்டின்னு சொல்லிட முடியாது. எதிரி பக்கத்துல வர்ற வரைக்கும் அதுக்கும் தெரியாது, கண்ண நம்பாத வேட்டைக்காரங்க வேற இருக்காங்க. கெளுத்தி மீசையாலயே தொட்டு ருசி பாத்து இரைய கண்டுபிடிச்சிடும். கங்கை டால்பினுக்கு கண்ணுல லென்ஸே கிடையாது, சத்தம் விட்டு அதோட எதிரொலிய வச்சே மீன் பிடிக்குது.

எனக்கு பெரிய கவலையே உரம் கலந்து ஏரி கலங்குறது தான். பாசி பெருகி தண்ணி மங்கினா பெரிய மீன் திணறும், சின்ன மீன் பெருகும், பாசிய தின்னு தண்ணிய தெளிய வைக்கிற டாப்னியாவ அதுங்க தின்னு தீர்த்துடும், தண்ணி இன்னும் கலங்கும், அடில வெளிச்சம் போகாம செடியும் செத்துடும், அப்புறம் பெரிய மீன் மறைஞ்சு நின்னு பாயவும் இடமில்ல, குஞ்சுங்க ஒளியவும் இடமில்ல. இந்த சுழல்ல மாட்டின ஏரி உரத்த குறைச்சா கூட சட்டுன்னு தெளியாது. நெதர்லாந்து, டென்மார்க்ல சில ஏரிகள்ல டாப்னியாவ தின்னுற மீனையும் அடிமண்ண கிளறுற பிரீம் மீனையும் வலை போட்டு பெருமளவு அள்ளி எடுத்தாங்க, டாப்னியா திரும்ப பெருகி தண்ணி தெளிஞ்சுது, செடியும் வந்துச்சு. உரம் வர்றது நிக்காத ஏரிகள் சில வருஷத்துலயே பழையபடி கலங்கிடுச்சு.