டென்வரில் வாங்கிய கஞ்சா மிட்டாயும் டெக்சாஸ் சட்டமும்

கேள்வி: டெக்சாஸின் டாலஸில் எஃப்-1 மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறேன், வயது 24. விடுமுறைக்கு நண்பர்கள் நால்வர் காரில் டென்வர் போகிறோம். அங்கே கடையில் கஞ்சா மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி, செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஊர் திரும்பலாம் என்கிறார்கள். பில் இருந்தால் பிரச்சினை வராதுதானே?

பதில்: வரும். அந்தப் பில் டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். 21 வயது நிறைந்தவர் அங்கே 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் கஞ்சா வரை வைத்திருக்கலாம். டெக்சாஸ் எல்லைக்குள் கார் நுழைந்ததும் அந்த அனுமதிக்கு மதிப்பில்லை.

டெக்சாஸில் காய்ந்த கஞ்சாவுக்கு ஒரு கணக்கு, மிட்டாய்க்கும் வேப் எண்ணெய்க்கும் வேறு கணக்கு. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். காய்ந்த கஞ்சா 2 அவுன்ஸ் வரை இருந்தால் கிளாஸ் பி மிஸ்டிமீனர் (சிறு குற்றம்): 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 4 அவுன்ஸ் வரை என்றால் கிளாஸ் ஏ: ஓராண்டு, 4,000 டாலர். 4 அவுன்ஸைத் தாண்டினால்தான் ஃபெலனி, அதாவது கடுங்குற்றம்.

மிட்டாயில் இருப்பது கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த டிஹெச்சி, போதை தரும் பொருள். அது டெக்சாஸ் போதைப்பொருள் பட்டியலில் பெனால்டி குரூப் 2-இல் வருகிறது. 1 கிராமுக்குக் குறைவாக இருந்தாலே ஃபெலனி, 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை. எடை போடும்போது சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்தே போடுவார்கள். கொலராடோ பாக்கெட்டில் 10 மிட்டாய், மொத்தம் 100 மில்லிகிராம் டிஹெச்சி. அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மிட்டாய் 4 கிராம் என்று வைத்தால் தராசில் விழுவது 40 கிராம். 4 முதல் 400 கிராம் வரை இரண்டாம் நிலை ஃபெலனி: 2 முதல் 20 ஆண்டு, 10,000 டாலர் வரை அபராதம். முதல் வழக்கில் நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்போடு விடலாம். குற்றச்சாட்டின் பெயர் மாறாது.

செலவைப் பங்கு போடுவதும் தனி ஆபத்து. டெக்சாஸ் சட்டத்தில் கைமாற்றுவதே 'டெலிவரி'. விற்கிறேன் என்று சொல்வதும் அதில் அடங்கும். காய்ந்த கஞ்சாவில் கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராம் வரை, சும்மா கொடுத்தால் கிளாஸ் பி. காசு வாங்கினால் கிளாஸ் ஏ. எடை அதைத் தாண்டினால் ஃபெலனி. நண்பர்கள் வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில் அனுப்பும் பங்குத்தொகை சாட்சியாக நிற்கும்.

விசாவில் இருப்பவருக்குச் சிறையைவிடப் பெரிய அடி குடியேற்றச் சட்டத்தில் விழும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமோ குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு நாடு கடத்தலுக்கு மட்டும்தான். இந்தியா வந்து அமெரிக்கா திரும்பும்போது அதே வழக்கு உங்களை விமான நிலையத்திலேயே நிறுத்தலாம்.

டெக்சாஸில் 'டெஃபர்டு அட்ஜுடிகேஷன்' என்று ஒரு வழி காட்டுவார்கள்: குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், கண்காணிப்புக் காலம் முடிந்ததும் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்பார்கள். டெக்சாஸைப் பொறுத்தவரை அது தண்டனையல்ல. ஆனால் ஒப்புதலும் ஏதோ ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தாலே குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். தயவுசெய்து குடியேற்ற வழக்கறிஞர் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கஞ்சா கடத்தல் வழக்கில் கிரீன் கார்டுக்காரர் ஒருவருக்கு இதுபற்றித் தவறாகச் சொன்னதால்தான், வாடிக்கையாளருக்கு நாடு கடத்தல் ஆபத்தைச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பதில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்புதல் வாக்குமூலம் கேட்காத 'ப்ரீடிரையல் டைவர்ஷன்' (விசாரணைக்கு முன்பே வழக்கை மாற்றுவழியில் முடிப்பது) கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

சாலையில் போலீஸ் நிறுத்தினால் ஓட்டுபவர் லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் காட்ட வேண்டும். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று அமைதியாகச் சொல்லலாம். வாசனை வந்தால் சம்மதமின்றியும் சோதிப்பார்கள், அப்போது தடுக்காதீர்கள். "யாருடையது?" என்ற கேள்விக்கு நண்பனைக் காப்பாற்றவோ காட்டிக்கொடுக்கவோ வாய் திறக்க வேண்டாம். "ஐ வாண்ட் எ லாயர்" போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

எதையும் கொண்டுவராமல் டென்வரிலேயே சாப்பிட்டுவிட்டால்? அதுவும் பாதுகாப்பு இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் கொலராடோ கஞ்சாவுக்குத் தனி அனுமதி கிடையாது. அதை வைத்திருந்ததாக நீங்களே அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டால், வழக்கே இல்லாமலும் நுழைவை மறுக்கலாம். அடுத்த விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், போதைப்பொருள் சட்டம் எதையாவது எப்போதாவது மீறியதுண்டா என்று நேராகவே கேட்கிறது. உண்மையைச் சொன்னால் விசா சிக்கல். பொய் சொல்லி வெளிப்பட்டால் மோசடிக் குற்றச்சாட்டு, வாழ்நாள் தடை.