புவி வெப்பமடைவதற்கு மனிதர்களின் எந்தச் செயல்கள் காரணம்? என்னைப் போன்ற சாதாரண மக்களுக்கும் அதில் பங்கு உண்டா?

நான் விஞ்ஞானி அல்ல. திருச்சியில் 22 ஆண்டுகளாக ஏசி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் தொழிலிலேயே பதில் இருப்பதால் எழுதுகிறேன்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதுதான் பெரிய காரணம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு, இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. எரிமலைகளால்தான் இப்படி என்று சிலர் சொல்வதுண்டு. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கை நாம் விடுகிறோம். அடுத்து மீத்தேன்: மாட்டின் வயிறு, தண்ணீர் கட்டிய நெல்வயல், குப்பைமேடு, எரிவாயுக் கிணறுகளின் கசிவு. பிறகு காடழிப்பு, சிமெண்ட், உரம். பட்டியலின் கடைசியில்தான் ஏசி, ஃபிரிட்ஜில் ஓடும் குளிர்பதன வாயு வருகிறது. மொத்தக் கணக்கில் அதன் பங்கு சிறியது. ஆனால் அது என் கை வழியாகப் போகிறது.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், குழாயில் பற்றவைக்க வேண்டுமென்றால் முதலில் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை வெளியே விட்டுவிடுவோம். குழாய்களை இணைக்கும் பித்தளைத் திருகான ஃபிளேர் நட்டை ஸ்பேனரால் அரைச்சுற்றுத் தளர்த்தினால் போதும். 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு வெள்ளைப் புகைபோல் பீறிட்டு வரும். கூடவே எண்ணெய்த் துளிகள் தெறிக்கும். பித்தளையின் மேல் பனி படியும். விரல் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். ஒன்றிரண்டு நிமிடங்களில் சத்தம் அடங்கும். மொட்டைமாடியில் நின்று எத்தனை முறை அந்தச் சத்தம் அடங்கக் காத்திருந்தேன் என்று கணக்கே இல்லை. காற்றில் கலந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணை எரிக்கவும் இல்லை, அதனால் தவறு என்று தோன்றவே இல்லை.

அப்போது பெரும்பாலான ஏசிகளில் இருந்தது ஆர்-22 என்ற குளிர்பதன வாயு. ஒன்றரை டன் ஏசியில் ஒரு கிலோவுக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த ஒரு கிலோ, ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் நான் இரண்டு நிமிடத்தில் வெளியே விட்டது ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 39,000 கிலோமீட்டர் போகலாம். ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு வீரியம்? பகலில் வாங்கிய வெயிலை நிலம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அந்தக் கதிர்களில் பலவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. வெப்பம் அதன் வழியாக விண்வெளிக்குப் போய்விடும். குளிர்பதன வாயுக்கள் சரியாக அந்த ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 1975-இல் இதைக் கண்டறிந்து எழுதியவர் வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில், வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை பார்த்திருக்கிறார். பின்னாளில் அமெரிக்காவில், சிஎஃப்சி எனப்படும் அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 10,000 கரியமில வாயு மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடிக்கிறது என்று காட்டினார். கசிவு தேடிய ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

ஓசோன் படலத்தைக் காப்பதற்காக 1987-இல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் சிஎஃப்சி ஒழிந்தது. ஆர்-22-உம் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனாலும் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு சூடாக்கும். இந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உடன்பாடு ஆனது. 2021-இல் இந்தியாவும் ஏற்றது.

இனி உங்கள் பங்கு. ஏசியில் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பெட்ரோல்போல் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் ஃபிளேர் நட்டில் இருக்கும். சாக்கடை ஓரத்து வீடுகளில் செம்புக் குழாய்ச் சுருளே அரித்துப்போயிருக்கும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். “அதெல்லாம் வேண்டாம் தம்பி, இந்த வெயில் முடியும்வரை ஓடினால் போதும், கேஸ் மட்டும் போட்டுவிட்டுப் போ” என்பார்கள். அடுத்த சித்திரையில் மறுபடி கூப்பிடுவார்கள். இடையில் ஒரு கிலோ காற்றில் கலந்திருக்கும். ஓட்டையை அடைக்காமல் வாயு ஏற்றுவதில்லை என்று நான் முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதனால் சில வாடிக்கையாளர்களை இழந்தேன்.

மின்சாரமும் இதில் அடக்கம். நம் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட 24-இல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்வது மேல்.

என்னால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஓடும் ஏசியைக் கழற்றும்போது வால்வை மூடி வாயுவை அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. கம்ப்ரசர் எரிந்துபோன ஏசியில் அது முடியாது. பழைய இரும்புக் கடையில் செம்புக் குழாயை வெட்டினால் அவ்வளவும் போய்விடும். அதனால் நாங்கள் மூன்று பேர் பணம் போட்டு வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ஒரு ரெகவரி மெஷின் வாங்கினோம். இப்போது என் கடையின் மூலையில் ஒரு சிலிண்டர் நிற்கிறது. உள்ளே இருப்பது எரிந்த கம்ப்ரசர்களிலிருந்து எடுத்த, அமிலம் கலந்த ஆர்-22, ஒன்பது கிலோ. இன்னொரு ஏசியில் ஏற்ற முடியாது, திறந்துவிடவும் மனமில்லை. இதை முறையாக அழிக்கவோ சுத்திகரிக்கவோ வாங்கிக்கொள்ளும் இடம் திருச்சிக்கு அருகில் இருந்தால், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.