சாடி முத்திரையை வைத்து ஊரின் வயதைச் சொல்வது எப்படி?

கிரிமியாவின் வடமேற்குக் கரையில் பான்ஸ்கோயே என்றொரு பழைய கிரேக்கக் கிராமம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றி, கி.மு. 270 வாக்கில் தீக்கிரையானது. அங்கே கிடைத்த முத்திரைச் சாடிகளை, அதாவது கைப்பிடியில் முத்திரை குத்திய மதுச்சாடிகளைப் பற்றி நேற்று எழுதியதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஐயா, உடைந்த கைப்பிடியில் ஆண்டு எழுதியிருக்குமா? (செல்வி)

எண்ணாக இருக்காதும்மா. ஆளின் பெயர்தான் இருக்கும். கருங்கடலின் தென்கரையில் இருந்த சினோப் நகரத்து மதுச்சாடிக் கைப்பிடியில் சின்னச் செவ்வக முத்திரை ஒன்று இருக்கும். அதில் அந்த ஆண்டு பதவியிலிருந்த நகர அதிகாரியின் பெயர், குயவரின் பெயர், பக்கத்தில் ஒரு சின்னம். தொடக்ககால முத்திரைகளில் டால்பின் மேல் நிற்கும் கழுகு. அதே கழுகை அந்நகர நாணயத்திலும் பார்க்கலாம். ரோட்ஸ் தீவில் ஒரு கைப்பிடியில் சூரியக் கடவுளின் பூசாரி பெயரும் மாதமும், மறு கைப்பிடியில் சாடி செய்தவர் பெயர். பதவி ஒரு வருடம்தான் என்பதால் அந்தப் பெயரே நமக்கு ஆண்டு.

சரி, எந்த அதிகாரி முன்னால், யார் பின்னால் என்று எப்படித் தெரியும்? (பாலமுருகன்)

வேலையே அதில்தான் இருக்கிறது. ஒரே குயவர் எந்தெந்த அதிகாரிகளின் காலத்தில் வேலை பார்த்தார் என்று கோத்துக்கொண்டே போனால் ஒரு வரிசை கிடைக்கும். அப்புறம் அதை எங்காவது நங்கூரமிட வேண்டும். கார்த்தேஜை ரோமானியர் அழித்தது கி.மு. 146. அந்த அழிவுக் குவியலுக்குள் கிடைக்கும் பெயர் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

இதில் தப்பே நடந்ததில்லையா அண்ணா? (இர்பான்)

நடந்தது, அதுவும் பெரிய தலைகளிடையே! ஏதென்ஸுக்குக் கிழக்கே கொரோனி என்ற முனையில் 1960இல் தோண்டினார்கள். எகிப்து மன்னன் இரண்டாம் தாலமியின் நாணயங்கள் கிடைத்தன. கி.மு. 260களில் மாசிடோனியாவுக்கு எதிராக நடந்த கிரெமோனிடிஸ் போரின்போது, ஏதென்ஸுக்கு உதவ வந்த எகிப்தியப் படை போட்ட முகாம் என்றார்கள். சாடி முத்திரைகளில் கரைகண்டவரான வர்ஜீனியா கிரேஸ் ஒப்பவில்லை. இந்தச் சாடிகள் அதைவிடப் பழையவை என்று நின்றார். கடைசியில் 1974இல் அவரே கொரோனியின் தேதியை ஏற்று, ரோட்ஸ் வரிசையைப் பிந்திய காலத்துக்கு நகர்த்தினார். அவருடைய ஒழுங்கு சரிதான். அது கட்டப்பட்டிருந்த முளைதான் நகர்ந்தது.

முதல் முத்திரையின் தேதியே ஊர் தோன்றிய தேதியா? (வனிதா)

இல்லை. பலரும் சறுக்கும் இடம் இது. கருங்கடலுக்கு மதுச்சாடி அனுப்பிய தாசோஸ், ஹெராக்ளியா போன்ற ஊர்களில் முத்திரை குத்தும் வழக்கம் பெருகியதே கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான். பான்ஸ்கோயேயின் தொடக்கமோ அதற்கு முந்தியது. அதற்கு முத்திரையில்லாச் சாடிகளின் வடிவம், ஏதென்ஸின் கருமெருகுக் கிண்ணங்கள் ஆகியவைதான் துணை. முடிவுக்கு முத்திரை நன்றாகவே உதவும். எரிந்த தரையில் கிடைக்கும் கடைசி முத்திரைகள் ஒரே காலத்தை ஒட்டி நிற்கும். ஒற்றை முத்திரையை நம்பாதீர்கள். காலியான சாடியில் தண்ணீரோ தானியமோ நிரப்பி வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

எல்லாச் சாடிக்கும் முத்திரை உண்டா? எதற்காகக் குத்தினார்கள்? (மணி)

எல்லாவற்றுக்கும் இல்லை. எதற்கு என்பதில் இன்னும் சண்டைதான்: வரியா, அளவுக் கட்டுப்பாடா என்று. எனக்கு அளவுப் பக்கம்தான் சாய்வு.

நம்மூர் அரிக்கமேட்டிலும் இதே முறைதானே? (தமிழரசி)

தத்துவம் அதேதான், மண்பாண்டம் வேறு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே கண்டது இத்தாலியின் அரெட்டைன் சிவப்புத் தட்டுகள். அடியில் குயவர் முத்திரை. அதை வைத்து ஊரின் காலத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சுற்றி நிறுத்தினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியபோது, அதற்கு முன்னும் பின்னும் அங்கே மக்கள் இருந்தது தெரிந்தது. தட்டுக்கு வீலர் சொன்ன காலம் பெரிதாகக் கெடவில்லை. அதை ஊருக்கே பொருத்தியதில்தான் இடித்தது.