பன்னிரண்டாம் நாள் காலை

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து காலத்தில் 40 நாளும் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஜெபிப்பது, மதியச் சாப்பாட்டை விட்டு உபவாசிப்பது என்று தீர்மானித்தேன். 11 நாள் ஒழுங்காக நடந்தது. 12ஆம் நாள் தூங்கிவிட்டேன். அதோடு எல்லாம் நின்றுபோயிற்று. உபவாச நாட்களில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன் என்று மனைவி வேறு வருத்தப்படுகிறாள். நண்பர் ஒருவர், "இது கிருபையின் காலம். சுயபெலத்தால் செய்வதெல்லாம் மாம்சம், ஆவிக்குரியதல்ல. ஆவியானவர் ஏவும்போது ஜெபித்தால் போதும்" என்கிறார். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், நாசரேத்

பதில்: விட வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஜெபத்தையும் உபவாசத்தையும் காட்டி தேவனிடம் எதையும் விலைபேசி வாங்க முடியாது. மறு பாதி ஆபத்தானது. ஏவுதல் வரட்டும் என்று நானும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். காய்ச்சலும் கடனும் வந்த நாட்களில்தான் முழங்கால் மடங்கியது. மற்ற நாட்களில் ஏவுதல் வரவில்லையா, வந்தும் எனக்குக் கேட்கவில்லையா என்றால், கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். கேட்பதற்கு ஒரு நேரத்தை நான் ஒதுக்கியதே இல்லை.

கிருபைக்கும் ஒழுங்குக்கும் பகை என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? தீத்து 2:11, 12 வசனங்களைப் படித்துப் பாருங்கள். தேவகிருபையானது லௌகிக இச்சைகளை வெறுத்து, தெளிந்த புத்தியோடு ஜீவிக்க நமக்குப் போதிக்கிறது என்கிறார் பவுல். போதிக்கிற வாத்தியாரே கிருபைதான். பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதற்குச் சொல்லும் சொல்லைத்தான் கிரேக்கத்தில் அங்கே எழுதியிருக்கிறார். கலாத்தியர் 5இல் அன்பில் தொடங்கும் ஆவியின் கனி, ஒன்பதாவதாக இச்சையடக்கத்தில் வந்து முடிகிறது. ஆவியானவர் விளைவிக்கும் கனியை மாம்சம் என்று எப்படித் தள்ளுவது?

பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கியவர். அந்தக் காலத்தில் ஊருக்குப் பக்கத்தில் இஸ்த்மியாவில் 2 வருடத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவனுக்குக் கிடைப்பது இலைகளால் பின்னிய ஒரு கிரீடம். சில நாளில் வாடிவிடும். அதற்காக அவர்கள் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருக்கிறார்களே என்று அந்த ஊர்க்காரர்களுக்கே எழுதிவிட்டு, "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்கிறார். சரீர ஒடுக்கத்தை மட்டும் நம்பினால் அது மாம்சத்தைப் பேணுவதில்தான் முடியும் என்று கொலோசெயருக்கு எச்சரித்தவரும் இதே பவுல்தான்.

இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அவரும் தம்பி சார்லஸும் நண்பர்களும் புதன், வெள்ளி உபவாசம், சிறைக்கைதிகளைப் பார்க்கப் போவது, நேரத்துக்கு நேரம் ஜெபம் என்று இருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துக் கேலியாக வைத்த பெயர்தான் 'மெதடிஸ்ட்'. 1735இல் மிஷனரியாக ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது கூடவே பயணம் செய்த மொராவியர்கள் என்ற ஜெர்மானிய விசுவாசிகள் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்க, இவரோ சாவுக்குப் பயந்து நடுங்கினார். 1738இல் மனம் உடைந்து இங்கிலாந்து திரும்பினார். அத்தனை வருட உபவாசமும் அவருக்கு இரட்சிப்பின் நிச்சயத்தைத் தரவில்லை. அந்த வருடம் மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன் என்ற உறுதி அவர் இருதயத்தில் வந்தது.

சரி, அதற்கப்புறம் ஒழுங்கை விட்டுவிட்டாரா? இல்லை. 1791இல் 87 வயதில் இறக்கும்வரை இன்னும் 50 வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனார், விடியற்காலை 5 மணிக்குப் பிரசங்கித்தார். பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமே என்ற பயத்தில் முன்பு எழுந்தவர், ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளையாகப் பின்பு எழுந்தார். நீங்கள் முதல் வகையில் எழுந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒரு நாள் தவறியதும் முழுவதும் போய்விட்டதாகத் தோன்றியது. 11 நாள் ஜெபித்தது ஜெபித்ததுதான். தேவன் அதை அழித்துவிடவில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். நீங்களோ தூங்கிப்போனதைப் பெரிதாக எழுதி, இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்று ஏசாயா 58இல் கர்த்தர் கேட்கிறார். வயிறு காய்ந்து நாக்கு கட்டவிழ்ந்துவிட்டால் அந்த உபவாசத்தால் வீட்டுக்கு என்ன லாபம்? பசி உங்களுக்கு எரிச்சலைக் கொண்டுவரவில்லை, உள்ளே இருந்ததை வெளியே காட்டியது. அதைத் தெரிந்துகொண்டதே இந்த லெந்துவில் உங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை என்பேன். அதை வைத்து ஜெபியுங்கள்.

5 மணியைப் பற்றியும் ஒன்று. வெஸ்லி தமக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அலாரக் கடிகாரம் வாங்கி, முதல் நாள் 7, அடுத்த நாள் 6, அப்புறம் 5, அப்புறம் 4 என்று வைத்துப் பார்த்தார். நடுராத்திரியில் விழிப்பு வருவது நிற்கும்வரை குறைத்தார். நீங்கள் 11ஆம் நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? கையில் போனோடு 12 மணிவரை இருந்தவர் 5 மணிக்கு எழவில்லை என்று அழுவதில் நியாயமில்லை. போனை ஹாலில் வைத்துவிட்டு 10 மணிக்குப் படுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு 5.30 போதுமென்றால் 5.30க்கே எழுங்கள். சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மதியச் சாப்பாட்டை விடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், இன்று சாயங்காலமே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அப்பா உங்களிடம் கத்தியது தப்பு" என்று சொல்லுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நாளைக் காலையை 12ஆம் நாளாக வைத்துக்கொண்டு தொடருங்கள்.